கோழிங்ககிட்ட சொல்லிக்கிறேன்

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது. அதற்காக வீடு ஊமையாகக் கிடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பேச்சுக்குக் குறைச்சலே இல்லை. எல்லாம் கோழி வழியாக நடந்தது.

"வாயாடி, அரிசி டப்பா காலியாயிடுச்சுன்னு யாராவது ஒருத்தர் காதுல போட்டு வை" என்பாள் அவள், கொல்லையில் தீவனத்தை இறைத்துக்கொண்டே. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கட்டிலில் கிடக்கும் அவர் கண்ணைத் திறக்காமல், "ஏ நொண்டி, சாயங்காலம் வரும்னு சொல்லு" என்பார். வாயாடி, நொண்டி இரண்டும் மண்ணைக் கிளறுவதில் மும்முரமாக இருக்கும். சாயங்காலம் அரிசி வந்துவிடும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரி வீடு. இந்தக் கூத்தை நாலு வருஷமாகக் காசில்லாமல் பார்க்கிறவள். "அக்கா, உன் கோழிங்க வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறது வெயிலாலன்னா நினைக்கிற? நீங்க ரெண்டு பேரும் சுமத்துற சுமையால" என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரிப்பாள். அவள் சிரிப்பில் இவர்கள் இரண்டு பேரும் கலந்துகொண்டதில்லை.

அவருக்கு வேலை நூற்பாலையில், ராத்திரி ஷிப்ட். நூல் ஓடுகிற கூடத்தில் காற்று காய்ந்துவிட்டால் நூல் பட்பட்டென்று அறுந்துபோகும். அதற்காகவே சுவரோரமாக ஓர் அறை. அறை முழுக்கக் குழாய், குழாய் முழுக்கப் பித்தளை நாசில். நாசிலிலிருந்து தண்ணீர் புகையாகப் பீறிடும். அந்த ஈரம் கூடத்துக்குள் போகும். இருபத்திரண்டு வருஷமாக அந்த நாசில்களைக் கழற்றிக் குத்தி ஊதி மாட்டுவதுதான் அவர் பிழைப்பு. ஆலையில் அவருக்கு மழைக்காரர் என்று பேர். வெளியே மழை தப்பிப்போன வருஷங்களில், "எங்க ஊர்ப் பக்கம் ஒரு நடை வந்துட்டுப் போங்கண்ணே" என்று கிண்டல் பண்ணுவார்கள். அவரும் அதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள், லாரி மெக்கானிக் ஒருவனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னாள். அவர் வாசலில் நின்று, "போனா போனதுதான். திரும்பி இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது" என்றார். கோபத்தில் எல்லா அப்பனும் சொல்கிறதுதான். பெண்ணுக்கும் அப்பனுடைய பிடிவாதம் அச்சாக அப்படியே இருந்தது. போனாள். கால் வைக்கவில்லை. அன்றைக்கு அவர் முன்னால் தட்டை வைத்துவிட்டு மனைவி சொன்னாள்: "இனிமே உங்ககிட்ட சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல." ரெண்டு நாள் கோபம் என்று அவர் நினைத்தார். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை.

ஆனால் அவள் முழுக்கவும் கதவை அடைத்துவிடவில்லை. மகள் தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அம்மாவுக்குப் போன் பண்ணுவாள். பேசி முடித்ததும் அவள் கொல்லைக்கு வந்து, சரியாக அவர் படுத்திருக்கும் ஜன்னலுக்குக் கீழே நின்று, கோழிகளுக்குச் சேதி சொல்லுவாள். கோழிக்குக் கேட்பதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை.

"கேட்டீங்களாடி? உங்க அக்கா வாடகை வீடு மாறிட்டாளாம். மாடி வீடாம்."

"உங்க அக்காவுக்கு நாள் தள்ளிப்போயிருக்காம்டி."

"ஏழாம் மாசமாம். காலு வீங்குதாம். ராத்திரியெல்லாம் உக்காந்தே இருக்காளாம்."

ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவனுக்கு நடுப்பகல் தூக்கம்தான் ஆழமான தூக்கம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் படுப்பார். ஆனாலும் பன்னிரண்டரைக்கு யாரும் எழுப்பாமலே முழிப்பு வந்துவிடும். பஞ்சை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, அசையாமல் கிடப்பார். சேதி முடிந்ததும் சில நாள் பதில் போகும். "ஏ கறுப்பி, காலுக்கு அடியில தலகாணி வச்சுக்கச் சொல்லு." பல நாள் ஒன்றும் போகாது. பஞ்சு மறுபடியும் காதுக்குள் ஏறும். மகளைப் பற்றி அந்த நாலு வருஷத்தில் அவருக்குத் தெரிந்தது எல்லாம் அந்த ஜன்னல் வழியாக வந்ததுதான். வேறு வழி இல்லை. அவராக வேறு வழி தேடவும் இல்லை.

அந்தக் கோடை மோசமான கோடை. காலை ஒன்பது மணிக்கே தகரக் கூரையில் கை வைக்க முடியாது. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டை வெளியே தள்ள வேண்டும். ஏழு கோழியும் இறக்கையை உடம்பிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு, கொண்டை வெளுத்து, தொண்டை படபடக்க நின்றன. முட்டை நின்றுபோயிற்று. தையல்காரி மூன்று கோழி வளர்த்தாள். ஒரே வாரத்தில் மூன்றும் போயின.

இவள் விடவில்லை. விடிவதற்குள் தீவனத்தைக் கொடுத்து முடித்துவிடுவாள். தின்ற தீனி வயிற்றில் சூடாகும், அதனால் பகலில் தீனி கிடையாது. பத்து மணிக்குக் கொட்டகைக் கதவை விரியத் திறந்து, எல்லாவற்றையும் கொய்யா மரத்தடிக்கு ஓட்டுவாள். மரத்தடி மண்ணில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கிளறிவிட்டால் அவை அந்த ஈரத்தில் வயிற்றைப் பதித்துக் கிடக்கும். அகலமான மண்சட்டியில் கோழிக் கால் நனைகிற அளவு தண்ணீர், மணிக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். சுடுதண்ணியை எந்தக் கோழியும் குடிக்காது. தர்பூசணித் தோலைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்து போடுவாள். அவ்வளவுதான் வித்தை. காற்றும் நிழலும் தண்ணீரும். அதற்கு ஓர் ஆள் பகல் முழுக்க முழித்திருக்க வேண்டும்.

மகளுக்கு வலி வந்துவிட்டது என்று ஒரு சாயங்காலம் போன் வந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். அவர் ஆலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்கடி. மூணு நாள் நான் இருக்க மாட்டேன். அப்புறம் வந்து துணிமணி எடுத்துக்கிட்டு மறுபடியும் போவேன். அதுவரைக்கும் ஒருத்தர் பாத்துப்பாரு. கதவைத் திறந்து வைக்கணும், மரத்தடியில விடணும், தண்ணி மாத்தணும். வேற ஒண்ணும் பண்ண வேணாம். ரொம்ப மூளையைப் போட வேணாம்னு சொல்லுங்க."

"சரின்னு சொல்லு" என்றார் அவர், உள்ளேயிருந்து.

வாயாடி தலையைச் சாய்த்து இரண்டு பக்கமும் பார்த்தது. அவள் போய்விட்டாள்.

முதல் நாள் அவர் சொன்னபடி செய்தார். ஆலையிலிருந்து வந்து, மண்ணை நனைத்து, சட்டியில் தண்ணீர் வைத்து, ஒரு மணி நேரம் படுப்பார், எழுவார், தண்ணீர் மாற்றுவார், படுப்பார். சாயங்காலம் எழுந்தபோது தூங்கினோமா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். அன்றைய ஷிப்டில் குழாய்க்கு முதுகைக் கொடுத்து நின்றபடியே கண் அயர்ந்துவிட்டார். நாலு நாசில் அடைத்துக்கொண்டு கூடத்தில் நூல் அறுந்தது. மேஸ்திரி வந்து, "என்ன மழைக்காரரே, கோழிக்கு ஆயா வேலை பாக்குறீராமே? அப்படின்னா இங்க எதுக்கு வர்றீர்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சிரிப்பு எழுந்தது. அவருக்குச் சுருக்கென்றது.

மூன்றாம் நாள் காலை வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது தையல்காரி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அண்ணே, பிள்ளை பொறந்தாச்சு. அக்கா எனக்குப் போன் பண்ணிச்சு."

அவர் பூட்டைப் பிடித்தபடியே நின்றார்.

"'என்ன பிள்ளை அக்கா'ன்னு கேட்டேன். அதுக்கு என்ன சொல்லுது தெரியுமா? 'அதை நான் வந்து கோழிங்ககிட்ட சொல்லிக்கிறேன்'னு சொல்லுது. எங்கிட்டயே சொல்லலண்ணே! நான் என்ன கோழிக்குக் கொறைஞ்சவளா?"

"அவ நல்லாருக்காளா? பெத்தவ?"

"பெத்தவளோ, பொறந்ததோ, எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துடும். நீங்களும் ஜன்னல்கிட்ட படுத்துக் கேட்டுக்கங்க."

அவர் உள்ளே வந்தார். தூக்கக் கலக்கம் போன இடம் தெரியவில்லை. ஐந்து மணிக்கு அவள் வருவாள். வந்ததும் கொல்லைக்குத்தான் போவாள். ஏழு கோழியும் கண் குளிர நிற்க வேண்டும். வெறுமனே உயிரோடு நின்றால் போதாது. அவள் பார்த்ததும் ஒரு நிமிஷம் வாயடைத்துப்போக வேண்டும். 'இது யாருடி உங்களுக்குப் பண்ணிக்கொடுத்தது?' என்று கோழியிடம் கேட்க வேண்டும். மேஸ்திரியின் சிரிப்பும் எங்கோ உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஓர் ஆலைக்கே குளிர்ச்சி கொடுத்தவனுக்கு எட்டடிக் கொட்டகை ஒரு பொருட்டா?

பரணில் ஆலையில் கழித்துப்போட்ட நாசில் ஒரு டப்பா நிறைய இருந்தது. பழைய ஏர்கூலரின் சின்ன மோட்டார் இருந்தது. டிரம்மில் தண்ணீரை நிரப்பி, மோட்டாரை இறக்கி, டியூப் இழுத்து, கொட்டகைக் கூரையின் உள்பக்கம் ஆறு நாசில் கட்டினார். கம்பி வலை வழியாக அனல் உள்ளே வரக் கூடாது என்று மூன்று பக்கமும் கோணிச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டார். நாலாவது பக்கம், கதவுப் பக்கம், சாக்கு போதவில்லை. பிளாஸ்டிக் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். குளிர்ச்சி வீணாக வெளியே போய்விடக் கூடாதே. உள்ளே ஒரு மேஜை மின்விசிறியையும் மூலையில் வைத்தார்.

ஸ்விட்சைப் போட்டதும் ஆறு நாசிலும் உஸ்ஸென்று புகைந்தன. சரியான மழைதான். அவர் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வியர்வையில் நனைந்த முதுகு சில்லிட்டது. கோழிகள் மூலையில் ஒண்டி நின்று அவரையே பார்த்தன. "என்னடி, ஆலை மாதிரி இருக்கா?" என்றார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கோழியிடம் பேசியது கோழிக்காகவே இருந்தது.

மணி பதினொன்று. தார்ப்பாயை ஓரம் பிசகாமல் இழுத்து முடிந்தார். வெளிக் கதவை உள்ளே தாழிட்டார். ஐந்து மணிக்கு முகம் தெளிவாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்தார். இன்றைக்கு ஜன்னல் வழியாக மத்தியானச் சேதி எதுவும் வரப்போவதில்லை. பஞ்சை இரண்டு காதிலும் நன்றாக அடைத்துக்கொண்டார்.

எழுந்தபோது மூன்று தாண்டியிருந்தது.

கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை. தார்ப்பாய் முடிச்சை அவிழ்த்ததும், சோறு வடிக்கும்போது பானை மூடியைத் தூக்கினால் முகத்தில் அடிக்குமே, அதைப் போல ஆவி அடித்தது. ஆறு கோழி கதவோரம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அலகுகளெல்லாம் தார்ப்பாய்க்கும் தரைக்கும் நடுவிலிருந்த விரல் அகல இடுக்கைப் பார்த்து நீண்டிருந்தன. இறகு தொப்பலாக உடம்போடு ஒட்டி, எல்லாம் பாதி அளவுக்குச் சிறுத்துப்போயிருந்தன. சட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது.

ஏழாவது வாயாடி. அதற்கு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, வாளித் தண்ணீரில் கழுத்து வரைக்கும் அமிழ்த்திப் பிடித்தார். வாயை இரண்டு தரம் திறந்தது. அவர் விரல்மேல் தலையைப் போட்டது. நாலு வருஷம் இந்த வீட்டின் பேச்சையெல்லாம் கேட்ட கோழி அது. சாகும்போது ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

"அண்ணே, கதவு தட்டினேன்" என்றாள் தையல்காரி, மதில் மேலிருந்து. சிரிப்பு இல்லாத முகம் அவளுக்கு உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது. "பன்னெண்டு மணிக்கு ஒரே கத்து. கூப்பிட்டேன். கல்லை எடுத்து மதில்ல இடிச்சேன். அப்புறம் சத்தம் அடங்கிடுச்சு. சரி, குளுந்து தூங்குதுங்கன்னு நினைச்சேன்."

அவர் கொட்டகைக்குள் போய்த் தார்ப்பாயை உள்ளிருந்து இழுத்துவிட்டுக்கொண்டு குந்தினார். ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. ஈரமான சூடு மூக்கிலும் வாயிலும் பஞ்சாக அடைத்தது. மூச்சை வெளியே விட்டால் அது போக இடமில்லாமல் முகத்திலேயே நின்றது. கோழியின் சூடு வாய் வழியாக மூச்சில்தான் போக வேண்டும். காய்ந்த காற்று இருந்தால்தான் அது போகும். இவர் காற்று முழுக்கத் தண்ணீரை நிரப்பி, அதைக் கட்டியும் வைத்துவிட்டார். மின்விசிறி அந்தக் காற்றையே சுற்றிச் சுற்றி அடித்தது.

ஆலையில் மழை அறைக்கு நேர் எதிர்ச் சுவரில் ஆள் உயர விசிறிகள் நாலு, கூடத்துக் காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அது வேறு ஆட்களின் பொறுப்பு. வந்த முதல் நாளிலிருந்து அவர் தண்ணீர்ப் பக்கம்தான். காற்று உள்ளே போவது அவருக்குத் தெரியும். அது வெளியேயும் போகிறது என்பதை அவர் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தரமும் நினைத்துப் பார்த்ததில்லை.

சாக்கையெல்லாம் அறுத்துப் போட்டார். ஏழையும் கொய்யா மரத்தடியில் வரிசையாகப் படுக்க வைத்தார். சந்தைக்கு ஓடிப்போய் இதே நிறத்தில் ஏழு வாங்கி விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒவ்வொன்றின் நடையையும் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்கிறவளிடம். தலையில் அடித்துக்கொண்டார்.

ஐந்து மணிக்குக் கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவள் வீட்டுக்குள் வரவில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்கு நேராக வந்தாள். வரும்போதே குரல் வந்தது. அவர் பல வருஷமாகக் கேட்காத குரல். கல்யாணமான புதிதில் இருந்த குரல்.

"அடியே வாயாடி! கறுப்பி! எல்லாம் இங்க வாங்கடி, சேதி இருக்கு! ஒரு சேதியா, ரெண்டு சேதியா! வாங்கடி சீக்கிரம்…"

சந்து முனையில் திரும்பியதும் நின்றுவிட்டாள்.

பையைக் கீழே வைத்தாள். மரத்தடியைப் பார்த்தாள். கொட்டகையைப் பார்த்தாள். போய்க் கூரையின் அடியில் கையை விட்டு ஒரு நாசிலைத் தொட்டாள். தார்ப்பாயை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டாள். மதில் மேல் தையல்காரி, "அக்கா, அண்ணே நல்லதுக்குத்தான்…" என்று ஆரம்பித்தாள். இவள் திரும்பாமல் கையை உயர்த்திக் காட்டினாள். தையல்காரி இறங்கிப் போய்விட்டாள்.

அழுவாள் என்று நினைத்தார். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால்கூட ஒரு பேச்சுதானே. அவள் மூலையிலிருந்த மண்வெட்டியை எடுத்தாள். அவர் வாங்கப் போனார். கொடுக்கவில்லை. அவர் கடப்பாரையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் மதிலோரம் குழி வெட்டினார்கள். மண் இறுகிக் கிடந்தது. அவர் இடிக்க, அவள் வாரிப் போட, முக்கால் மணி நேரம் ஆயிற்று. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை அது.

ஒவ்வொன்றாக எடுத்து, இறக்கையை மடக்கி, உள்ளே வைத்தாள். கடைசியாக வாயாடி. வைத்துவிட்டுக் குழியோரத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது சொல்லுவாள். செத்ததுகளிடமாவது சொல்லிவிட்டு மண்ணைத் தள்ளுவாள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் மடியில் கட்டிக்கொண்டு வந்த சேதியாயிற்றே.

அவள் எழுந்து மண்ணைத் தள்ளினாள்.

பாதிக் குழி மூடும் வரைக்கும் அவர் பொறுத்தார். அப்புறம் தாங்கவில்லை.

"என்ன பிள்ளை?" என்றார்.

மண்வெட்டி நின்றது. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுப்பு எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"யார்கிட்ட கேக்கிறீங்க?"

அவர் கடப்பாரையைத் தரையில் ஊன்றினார். "உங்கிட்டத்தான்" என்றார்.

"உங்ககிட்ட சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லன்னு சொல்லி நாலு வருஷம் ஆச்சு. பெத்தவ இருக்கா. அவகிட்ட கேட்டுக்கங்க."

மண் படிந்த விரலால் போனைத் தட்டி, சத்தத்தைக் கூட்டி, துணி துவைக்கிற கல்மேல் வைத்தாள். மணி அடிக்க ஆரம்பித்தது. அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"அம்மா?" என்றது கல்.

அவர் கடப்பாரையைச் சாய்த்து வைக்கக்கூட மறந்து நின்றார்.

"அம்மா, போய்ச் சேந்தியா? பஸ்ல உக்கார இடம் கெடைச்சுதா? … கேக்குதா? சரி, உன் போன்ல எப்பவும் இந்தத் தகராறுதான். நீ கேட்டுக்கோ, நானே பேசுறேன். இவ இப்பத்தாம்மா தூங்குறா. என்னா தொண்டை! நர்ஸ் அக்கா வந்து, இவ பொண்ணா, இல்ல ஆலைச் சங்கான்னு கேக்குறாங்க."

பெண். அவர் கல்லுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"தையல் போட்ட எடம் இழுக்குது. பரவால்ல. காலையில நடக்கச் சொல்லியிருக்காங்க. அப்புறம்மா, நீ போனதுக்கப்புறம்தான் பாத்தேன். இவ காது நம்ம வீட்டுக் காதும்மா. மடல் அப்படியே கன்னத்தோட ஒட்டிக்கிட்டு."

அவர் கை தானாகக் காதுக்குப் போனது. ஒரு காதில் மத்தியானப் பஞ்சு இன்னும் இருந்தது. எடுத்தார்.

அந்தப் பக்கம் விசிறி சுற்றும் சத்தம் மட்டும். அப்புறம் மகளின் குரல் இறங்கி வந்தது.

"அம்மா… கோழிங்ககிட்ட சொல்லிட்டியா? ஜன்னல் தெறந்திருந்துதா? தூங்கிட்டிருந்தாரா, இல்ல கேட்டாரா? என்ன சொன்னாரு?"

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. நாலு வருஷமும் அந்தச் சேதி தானாக ஜன்னல்வரை வரவில்லை. அங்கேயிருந்தே ஜன்னலுக்கென்று அனுப்பப்பட்டு வந்திருக்கிறது. இவர் பதில் சொன்ன நாட்களும் அங்கே போயிருக்கும். சொல்லாத நாட்களும் போயிருக்கும்.

"என்னம்மா, பேச மாட்டேங்கிற?"

பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்திருந்தால் அவள் இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருப்பாள். குழந்தை எழுந்து அழுதிருக்கும், அதையும் கேட்டிருக்கலாம்.

"கேட்டேன்" என்றார் அவர்.

மறுபக்கம் அப்படியே நின்றுபோயிற்று. போன் துண்டாகவில்லை. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ தூரத்தில் பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். அவள் மூச்சு வாங்குவது கேட்டது, இழுத்து, விட்டு. அவர் இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினார். நல்லாருக்கியா என்று கேட்கலாம். வா என்று சொல்லலாம். வாயில் வந்ததெல்லாம் கோழி செத்துப்போச்சு என்பதுதான். அதைச் சொல்லாமல் அடக்கினார். அடக்கிக்கொண்டிருக்கும்போதே போன் வைக்கப்பட்டுவிட்டது.

மனைவி ஈரக் கையோடு வந்து போனை எடுத்து, தட்டிப் பார்த்தாள்.

"வச்சிட்டா" என்றார்.

"நீங்க பேசியிருப்பீங்க" என்றாள் அவள்.

மிச்ச மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து இறுக்கினாள். உள்ளே போய்ப் பழைய துணிகளையும், போர்வையையும், தன் மாற்றுப் புடவைகளையும் எடுத்துப் பெரிய பையில் அடைத்தாள். மாதக்கணக்கில் தங்குகிறவளின் பை. அவர் முன்னறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உதவி பண்ணவும் தெரியவில்லை, நகரவும் தெரியவில்லை. ஆலைக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது.

பையோடு சந்து வழியாக வெளியே போனவள், கொல்லை தெரிகிற இடத்தில் ஒரு கணம் நின்றாள். பழக்க தோஷம். திரும்பி, வெறும் கொட்டகையைப் பார்த்து வாயைத் திறந்தாள். சொல்ல ஏதோ இருந்தது. அது தெளிவாகத் தெரிந்தது. உதடு அசையக்கூட ஆரம்பித்தது. அப்புறம் மூடிக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்தது.

என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. எதுவாகவும் இருந்திருக்கலாம். சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். அடுப்பில் அவர் ஒருவருக்கு மட்டும் சோறு இருந்தது. தட்டு போட்டு மூடியிருந்தது.